கசந்த இரத்தத்தைக் கொசு தொடாது

மனைவி அம்பிகைக்குக் குளிர்காய்ச்சல் என்று கேட்டதும் தியாகராஜாவுக்குச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. தாம் எழுதிவரும் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு இப்படியொரு ஆதாரம் கேட்டாலும் கிடைக்காது.

மலாயாவில், பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் கிராணி, அதாவது கணக்கர். ரப்பர்ப் பால்கணக்கு எழுதிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் விஞ்ஞானி. காலையில் பாகற்காய்ச் சாறு குடித்தால் இரத்தம் கசக்கும், கசந்த இரத்தத்தைக் கொசு தொடாது, ஆகவே காய்ச்சலும் வராது. இதுதான் நூல். ஆதாரம் அவரே. தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு சுருண்டு கிடந்தபோதும், பாடை கட்ட மூங்கில் போதாதபோதும், அவருக்கு உடம்பு சுட்டதில்லை.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் பழனியப்பன் காய்ச்சலைத் தடுக்க ஆளுக்கொரு கொய்னாப் பொட்டலத்தை வாயில் கொட்டி, விழுங்கும்வரை தொண்டையையே பார்த்து நிற்பார். தியாகராஜா ஒருநாள் எல்லோரும் பார்க்கத் தம் பங்கைத் துப்பினார். அன்றோடு அவர் பங்கு நின்றது. அம்பிகையின் பங்கு மட்டும் வேலைக்காரி மாரியம்மா கையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"பார்த்தீரோ டிரசர்? கொய்னா எடுத்தவள் படுத்துட்டாள். எடுக்காத நான் எழுதிக்கொண்டிருக்கிறன்!"

"அதெல்லாம் இருக்கட்டும் கிராணியாரே. அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்லா."

"வேண்டாம். சாற்றிலேயே குணப்படுத்திக் காட்டுறன்."

அம்பிகைக்கும் சாறு கொடுத்தார். வாந்தி எடுத்தாள். அளவு போதாது என்று இரட்டித்தார். வயிறு போயிற்று. உள்ளே அடைந்த சூட்டை வெளியேற்ற ஜன்னல்களைத் திறந்துவைத்தார். கொசுக்கள் கூட்டமாக வந்து விஞ்ஞானத்துக்கு ஒத்துழைத்தன.

"இஞ்சருங்கோ, கண் இருட்டுது."

"குணமாகிற அறிகுறி. நாக்கை நீட்டு பாப்பம்."

இத்தனையிலும் காலையில் அவள் சுவரைப் பிடித்து நடந்துபோய் அவருடைய சாற்றைத் தானே பிழிந்தாள். மாரியம்மா அம்மியைத் தொட்டால் சீறினாள்.

"அக்கா, படுங்க. நான் அரைச்சுத் தாரேன்."

"நீ தள்ளு. அவரின்ர தம்ளரை நான்தான் நிரப்புவன்."

விஞ்ஞானத்தின்மீது அவளுக்கிருந்த பக்தியைத் தியாகராஜா ஒரு முழுப் பக்கத்தில் வியந்து எழுதினார்.

நினைவு தப்பிய பிறகுதான் மாட்டுவண்டி பூட்டச் சம்மதித்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற இடத்தில் பழனியப்பன் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவசரத்துக்கு இனி அங்கே வேலை இல்லை.

காரியங்கள் முடியும்வரை வீட்டில் சாறு பிழியவில்லை. முடிந்ததும் தியாகராஜா முகப்புப் பக்கத்தை எழுதினார்: 'கொய்னாவை நம்பி உயிர்விட்ட என் மனைவிக்கு.' எழுதும்போது விரல்கள் நடுங்கின. துக்கம் என்று நினைத்தார். பற்களும் தந்தியடிக்கத் தொடங்கின. மழைக்காற்று என்று நினைத்தார்.

"மாரியம்மா, போர்வை எடு. சாறும் கொண்டா."

ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, பச்சைத் தண்ணி மாதிரி? முந்திக் கசக்கிற கசப்பில கால்வாசியுமில்லை. பாவக்காய் போட்டியோ இல்லையோ?"

"காயி அதேதான் ஐயா. அக்காதான் அவங்க பங்கு கொய்னாவ நித்தமும் உங்க தம்ளர்ல கரைச்சுக் குடுத்தாங்க, இனிமே அதுக்கு நான் எங்க போறது?"