அனுமதியின்றி ஆடிய பாறை

தோராங் மாவட்ட அலுவலகக் கோப்புகளின்படி, ஊருக்கு மேற்கே மலைத்தோளில் உட்கார்ந்திருக்கும் தயங்கும் பாறை, கடந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக, உரிய அதிகாரியின் முன் அனுமதி எதுவும் பெறாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருவர் தள்ளினால் மூன்று சென்டிமீட்டர் ஆடும். பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அதே மூன்று சென்டிமீட்டர்தான். விழாது. இரண்டு தேவர்கள் மலைமேல் உட்கார்ந்து கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லுமாக பாதுக் என்னும் கட்டாட்டம் ஆடினார்களாம். கடைசிக் கல்லை வைத்த தேவர், ‘இங்கேயே இருக்கட்டுமா, அடுத்த கட்டத்தில் வைக்கட்டுமா’ என்று விரலை எடுக்காமலே யோசிக்க ஆரம்பித்தவர், இன்னும் யோசித்து முடிக்கவில்லையாம். அந்தக் கல்தான் இந்தப் பாறை. அந்தத் தேவர் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் தோராங்காரர்கள் சொல்லும் கதைதான்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து சேர்ந்து தள்ளுவார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்கள் தள்ளுவார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆண்கள், பெண்டாட்டி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளுவார்கள். எல்லாருக்கும் பாறை ஆடிக்கொடுக்கும். தாங்கள் ஒரு மலையையே அசைத்துவிட்ட திருப்தியில் எல்லாருக்கும் பசிக்கும். பசித்த வயிற்றோடு பத்தடி இறங்கினால் ஒக்புன் அம்மாளின் கடை. உருளைக்கிழங்கைத் துருவி, கல்லில் அடையாகத் தட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் மக்கொல்லிக் கள்ளும் வைப்பாள். முப்பத்தொரு வருஷமாக அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் பாறை ஆடியதால்தான்.

அவள் மருமகன் பே மன்சூ. மாவட்ட அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவில் கடைநிலை எழுத்தர். மாமியார் வீட்டிலேயே, மாமியார் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பெண்டாட்டியோடு சௌகரியமாகத்தான் இருந்தார். சியோலிலிருந்து ஒரு மனிதர் வராமல் இருந்திருந்தால் இன்னமும் அப்படியே இருந்திருப்பார்.

பாறைக்குப் போக நாற்பது நிமிட ஏற்றம். ரப்பர் செருப்பு போட்ட கிழவிகள் முள்ளங்கி மூட்டையோடு ஏறுகிற வழி. அந்த மனிதர் எவரெஸ்டின் பனிக்காற்றுக்கென்று தைத்த சட்டை, முழங்கால் கவசம், இரண்டு கைத்தடி, இடுப்பில் கொக்கி, காதுவரை மறைக்கும் முகத்துணி எல்லாம் அணிந்து வந்தார். அப்படி வராவிட்டால் சியோலில் அதை மலையேற்றம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏறினார், தள்ளினார், படம் எடுத்துக்கொண்டார், இறங்கினார். அன்று மாலையே மக்கள் குறைதீர் இணையதளத்தில் எழுதினார்: “தயங்கும் பாறையை நான் தள்ளினேன். அது ஆடியது. இது பாதுகாப்பானதா?”

ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. பாதுகாப்புப் பிரிவின் தலைவர் க்வாக், மன்சூவைக் கூப்பிட்டார்.

“யாருய்யா இதுக்கு அனுமதி குடுத்தது?”

“எதுக்கு சார்?”

“ஆடுறதுக்கு.”

“அது முன்னாடிலேருந்தே ஆடுது சார்.”

“முன்னாடின்னா? தேதி சொல்லு.”

“சில்லா ராஜா காலம்னு சொல்றாங்க.”

க்வாக் கணக்குப் போட்டுப் பார்த்து நிம்மதியானார். “அப்ப நான் இந்தப் பிரிவுக்கு வரல. ஆனா புகார் என் காலத்துல வந்துருச்சே. போய் அளந்துட்டு வா.”

மன்சூ அளவு நாடாவோடு போனார். மாமியார் ஒரு கையால் அடையைத் திருப்பிக்கொண்டிருந்தவள், வந்து மறுகையால் பாறையைத் தள்ளிக் காட்டினாள். மூன்று சென்டிமீட்டர். பாறைகள் எவ்வளவு ஆடலாம் என்று பாதுகாப்பு விதித்தொகுப்பில் தேடினால் பாறை என்ற சொல்லே இல்லை. விதி இல்லையென்றால் அதற்கு மிக நெருங்கிய இனத்தின் விதியைக் கொள்க என்று முன்னுரையில் இருந்தது. உயரமான இடத்தில் பொதுமக்கள் கை வைக்கும் பொருள் எது? கைப்பிடிக் கம்பி. கைப்பிடிக் கம்பி எவ்வளவு ஆடலாம்? ஆடவே கூடாது. ஆக, தயங்கும் பாறை என்பது பழுதடைந்த கைப்பிடிக் கம்பி என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

பதினான்கு மூட்டை சிமெண்டு மலையேறியது. அடியில் இரும்பு ஆப்புகள் இறங்கின. பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள்: “தயங்கும் பாறை. ஆடாது.”

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்குச் சிமெண்டு பூசாத காலத்துப் பழமொழி அது. அந்த இலையுதிர்காலத்தில் வந்த புது மாப்பிள்ளைகள் முகம் சிவக்கத் தள்ளினார்கள். புதுப்பெண்கள் முதலில் பாறையைப் பார்த்தார்கள், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். இறங்கும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒக்புன் அம்மாள் கடையில் அடை கேட்பாரில்லை. வலிக்குப் போடும் ஒட்டுத்துணி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

முதல் வாரம் மன்சூவின் சோற்றுக் கிண்ணத்திலிருந்து முட்டை காணாமல் போயிற்று. இரண்டாம் வாரம் மீன். மூன்றாம் வாரம் சோறும் அவரை முளைத் தண்ணியும் மட்டும்.

“அத்தை, உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு.”

“சிமெண்டு இருக்கு, போடட்டுமா மாப்ள?”

மாமியார் கிண்டலோடு நிறுத்தவில்லை. “வசந்தம் வரைக்கும் பாப்பேன். பாறை ஆடுனா கடை இருக்கும். ஆடலேன்னா கடையும் வித்துருவேன், இந்த வீட்டையும் வித்துருவேன். இஞ்சோன்ல மூத்தவ வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் வாசல்ல கூடாரம் போட்டுக்கிடுங்க.”

அவள் சொன்னால் செய்வாள் என்பது மன்சூவுக்குத் தெரியும். பயந்து போனார். இரவில் தூக்கத்தில்கூட எதையோ தள்ளிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சொன்னாள்.

இதற்குள் வேறு புகார்கள் வந்து குவிந்தன. “தள்ளினோம். ஆடவில்லை. ஏமாற்று வேலை.” இவை பண்பாடு மற்றும் சுற்றுலாப் பிரிவுக்குப் போயின. அதன் தலைவி தாக் மேடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோராங்கின் எட்டு அரிய காட்சிகளில் ஐந்தாவது ‘ஆடும் பாறை’ என்று மாகாணப் பதிவேட்டில் இருக்கிறது. ஆடாவிட்டால் பதிவு ரத்து. எட்டு காட்சி ஏழாகிவிடும். எட்டு என்று அச்சடித்த துண்டறிக்கை நாற்பதாயிரம் கிடங்கில் இருக்கிறது. ஆகவே பாறையை உடனே ஆடச் செய்க என்று முத்திரையிட்டு உத்தரவு போட்டார். ஆடக் கூடாது என்று க்வாக் முத்திரையிட்டு உத்தரவு போட்டார். பாறையின் கோப்பு மன்சூ பெயரில் இருந்ததால் இரண்டு உத்தரவும் அவர் மேசைக்கே வந்தன. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. இவருக்கு வீட்டிலும் இருந்தது.

தை மாதக் குளிரில், முழங்கால் பனியில், இரண்டு தலைவர்களும் நேராய்வுக்கு வந்தார்கள். குளிர் தாங்காமல் ஒக்புன் அம்மாளின் கடைக்குள், கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கூட்டத்தை நடத்தினார்கள். மன்சூ குறிப்பெடுத்தார்.

“பாறை ஆடுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் க்வாக்.

“ஆடலேன்னா நான் போட மாட்டேன்” என்றார் தாக் மேடம்.

“ஆடாமலே ஆடுற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா?” என்றார் க்வாக்.

ஒக்புன் அம்மாள் மக்கொல்லிக் கெண்டியை ணங்கென்று மேசையில் வைத்தாள்.

“அவ்ளோதானே? பாறைய விட்டுட்டு வர்ற ஜனங்களைப் புடிச்சு ஆட்டுங்க. பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். தாக் மேடம் மெல்ல நிமிர்ந்தார். க்வாக்கும் நிமிர்ந்தார்.

“மன்சூ, அத எழுதிக்கிட்டியா?”

“சார், அவங்க கேலியா சொன்னாங்க.”

“கேலியத் தனியா எழுது. யோசனைய மட்டும் இங்க எழுது.”

பாறைக்கு முன்னால் ஸ்பிரிங் சுருள்கள் மேல் ஒரு பலகை மேடை எழும்பியது. பெயர், ‘தயக்க அனுபவ மேடை’. அதில் ஏறி நின்று பாறையைத் தள்ளினால், அசையாத பாறைக்கு முன்னால் தள்ளுகிறவர் ஆடுவார். மேடை கைப்பிடிக் கம்பி இனத்தில் வராது, கேளிக்கை ஊஞ்சல் இனத்தில் வரும், ஊஞ்சல் ஐந்து சென்டிமீட்டர் வரை ஆடலாம் என்று விதித்தொகுப்பு சொன்னது. இரண்டு தலைவர்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள். தலைக்கவசம் மட்டும் கட்டாயம்.

சித்திரையில் மலையெங்கும் செம்பூ பூத்ததும் திறப்பு விழா. மாவட்டத் தலைவர் வருகிறார்; இரண்டு மாதத்தில் அவருக்குத் தேர்தல். தலைவர் ஏறும்போது மேடை அதிகமாக ஆடிவிட்டால் என்ன செய்வது என்று க்வாக்குக்கு முந்தின நாள் பயம் வந்தது. மேடையை நான்கு எஃகுக் கம்பிகளால் பாறையோடு சேர்த்து முடுக்கச் சொன்னார். ஆடாத பொருள் என்று அரசே சான்றளித்தது அந்த மலையில் பாறை ஒன்றுதான்.

குளிர்காலத்துப் பனி சிமெண்டுக்குள் இறங்கி, உறைந்து, இளகி, அதை அவல்போலாக்கி வைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேதி ஆகஸ்டில்தான் வருகிறது.

மாவட்டத் தலைவர் வெள்ளைக் கையுறை போட்டு ரிப்பன் வெட்டினார். தலைக்கவசம் அணிந்தார். க்வாக், தாக் மேடம், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் மேடையேறினார்கள். எல்லாரும் பாறையில் கை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளினார்கள். உள்ளே ஏதோ பொடியாகும் சத்தம் கேட்டது. பாறை ஆடியது. பாறையோடு கட்டிய மேடையும், மேடைமேல் நின்ற மாவட்ட நிர்வாகமும் அதே பக்கம், அதே மூன்று சென்டிமீட்டர், சேர்ந்து ஆடின.

கத்தரிக்கோல் தட்டோடு கீழே நின்ற மன்சூ அதைப் பார்த்தார். பக்கத்தில் மாமியாரும் பார்த்தாள்.

“மாப்ள, ஆடுது.”

“மெதுவா பேசுங்க அத்தை.”

“பாறையா, தலைவரா?”

“ரெண்டும்.”

மேடையில் மாவட்டத் தலைவர் முகத்தைச் சுளித்தார். “எங்கய்யா ஆடுது? எனக்கு முன்னால பாறை அப்படியே நிக்குதே.”

“அதான் சார் பாதுகாப்பு” என்றார் க்வாக்.

“சார், கொஞ்சம் உள்ளுக்குள்ள உணர்ந்து பாருங்க” என்றார் தாக் மேடம்.

“வயித்த ஏதோ பண்ணுது.”

“அதுதான் சார் மரபு.”

மாவட்டத் தலைவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு இறங்கினார். “ஆடுதா, ஆடலையா? நாளைக்குக் காலைல அறிக்கை என் மேசைல இருக்கணும்.”

எல்லாரும் போன பிறகு மன்சூ அளவு நாடாவோடு நின்றார். ஆடுகிறது என்று எழுதினால் இன்னொரு பதினான்கு மூட்டை வரும், கடை போகும், வீடு போகும். ஆடவில்லை என்று எழுதினால் அது பொய். அவருக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை; விதிப்படி உண்மை எழுதித்தான் பழக்கம். முத்திரைக் கட்டையைக் காகிதத்துக்கு ஒரு விரல் மேலே பிடித்தபடி அப்படியே நின்றார்.

“அந்தத் தேவரு மாதிரி கைய மேலயே வச்சுக்கிட்டு நிக்காதீங்க” என்றாள் ஒக்புன் அம்மாள். “எங்க நின்னு அளக்கணும்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கு?”

மன்சூ புரட்டினார். ‘அளவீடுகள் யாவும் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.’ அவர் தலைக்கவசம் அணிந்து மேடையேறினார். நாடாவை மேடைக்கும் பாறைக்கும் நடுவே பிடித்தார். மாமியார் தள்ளினாள். நாடா இம்மியும் நகரவில்லை. ‘பாறையின் அசைவு: பூஜ்யம். பார்வையாளரின் உள்ளுணர்வு: மூன்று சென்டிமீட்டர்’ என்று எழுதி, மனச்சாட்சி துளியும் உறுத்தாமல் முத்திரை குத்தினார். பாறை ஆடவில்லை என்று க்வாக்குக்குப் பாராட்டுச் சான்று வந்தது. ஆடுகிறது என்று தாக் மேடத்துக்கு வந்தது.

அதன்பிறகு கூட்டம் தாங்கவில்லை. மேடையில் இருபது பேர் கவசத்தோடு குலுங்கிக்கொண்டே, “ஆடவே இல்லையே, ஆடவே இல்லையே” என்று கோபமாகக் கத்துவதைக் கடை பெஞ்சிலிருந்து பார்ப்பது ஊரிலேயே பெரிய வேடிக்கையாயிற்று. கண்ணில் தண்ணி வரச் சிரித்துக்கொண்டே அடை தின்றார்கள். தின்று முடித்ததும் கை துடைத்து, கவசம் மாட்டி, தாங்களும் வரிசையில் போய் ஏறி, “எங்கய்யா ஆடுது?” என்று கத்தினார்கள். சியோலில் கவசமில்லாமல் படம் போடுகிறவனை மதிப்பதில்லை என்றாகிவிட்டது. மன்சூவின் கிண்ணத்துக்கு முட்டை திரும்பி வந்தது. ஒரு வாரம் இரண்டு முட்டை.

ஆகஸ்டில் சிமெண்டைப் பார்க்க வேண்டிய தேதிக்கு முந்தின நாள், க்வாக் மன்சூவைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். சியோலிலிருந்து அதே மனிதர்தான் எழுதியிருந்தார்.

“தயங்கும் பாறைக்கு மறுபடி வந்தேன். மேடையில் நின்று கவனித்தேன். பாறை உறுதியாக நிற்கிறது, மகிழ்ச்சி. ஆனால் கீழே அடைக்கடையில் உட்கார்ந்திருந்த பொதுமக்கள் அனைவரும், கடைக்கார அம்மாள் உட்பட, மூன்று சென்டிமீட்டர் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள். இது பாதுகாப்பானதா?”

மன்சூ தாளை இரண்டு தடவை படித்தார்.

“நானே போய் மேடைல ஏறிப் பாத்தேன்யா” என்றார் க்வாக். “ஆடத்தான் செய்யுறாங்க. யாரு அனுமதி குடுத்தா?”

“சார், அவங்க ஜனங்க சார்.”

“ஜனங்கன்னு விதித்தொகுப்புல எங்கயாவது இருக்கா?”

மன்சூ தேடிப் பார்த்தார். இல்லை.

“அப்ப நெருங்குன இனம் எதுன்னு பாரு” என்றார் க்வாக். “அப்படியே கிடங்குல சிமெண்டு எத்தனை மூட்டை இருக்குன்னும் பாத்துட்டு வா. உங்க மாமியார்லேருந்து ஆரம்பிப்போம்.”