புதன்கிழமை தோள்பட்டை

பளுதூக்குவதை விட்டுவிட்டு உடற்கட்டுக்குத் தாவியவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அதில் ஒருவர் வசிக்கிறார். எட்ட நின்று பார்ப்பது உத்தமம். கிட்டப் போனால், “தொட்டுப் பாருங்க தம்பி” என்று புஜத்தை நீட்டுவார்.

முன்பெல்லாம் அவருக்கு உடம்பு ஒன்றே ஒன்றுதான். தரையில் கிடக்கும் கம்பியை மார்புக்கு ஏற்றி, அங்கிருந்து தலைக்கு மேல் நிறுத்தி, நடுவர் ‘இறக்கு’ என்று சொல்லும்வரை சிலையாக நிற்பார். அதற்கு முன் இறக்கினால் தூக்கியது செல்லாது. தொப்பை இருந்தது. யார் கேட்டார்கள்?

இப்போது உடம்பைக் கூறுபோட்டு வாரத்துக்குப் பங்கு வைத்துவிட்டார். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள்பட்டை, வியாழன் கால். கண்ணாடிக்குக் கிழமை கிடையாது. நிறுத்தியிருக்கும் கார், அணைத்து வைத்த டிவி, ஏன், கரண்டிக் குழியில் தலைகீழாகத் தெரிந்தாலும் தோளின் அகலம் சரியாக இருந்தால் அவருக்குத் திருப்திதான். முட்டையில் வெள்ளைக்கரு அவருக்கு, மஞ்சள்கரு குடும்பத்துக்கு. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு மைத்துனன் அக்கா வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். நாளொன்றுக்கு நான்கு பனியன் நனையும். துவைத்துத் துவைத்துக் கை சிவந்த மனைவி, ஒருவழியாக வாஷிங் மெஷினுக்குச் சொல்லிவிட்டார்.

மெஷின் வந்தது புதன்கிழமை. மாடி ஏற்றுவது தங்கள் வேலை இல்லை என்று படிக்கட்டின் கீழேயே வைத்துவிட்டு வண்டிக்காரர்கள் போய்விட்டார்கள். கூரை இல்லாத படிக்கட்டு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“என்னங்க, மழை வரப்போகுது. மெஷினைத் தூக்கிட்டு வந்திடுங்க.”

“இன்னைக்குத் தோள்பட்டை. இது முதுகு வேலைம்மா. செவ்வாய்க்கிழமை பார்த்துக்கலாம்.”

“அப்படியா? மழைகிட்ட சொல்லிடறேன்.”

அக்காவும் அன்றைக்கென்று வந்து மாட்டிக்கொண்ட தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நம் ஆள் முதல் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு போதனை செய்தார்.

“மூச்சை விட்டுத் தூக்கு மாப்ளே! அப்பத்தான் சதை பிடிக்கும்!”

“சதை எதுக்கு மாமா, நீங்க பிடிங்க!”

முதல் தூறல் விழுந்தது. திருப்பத்துக்கு ஏறும்போது மைத்துனனுக்குக் கால் வழுக்கியது. மெஷின் அக்காவின் பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான். கிழமை எங்கே போயிற்றோ தெரியாது. மனிதர் ஒரே தாவலில் வந்து அதை அள்ளி, மார்புக்கு ஏற்றி, முழங்காலை ஒரு வெட்டு வெட்டித் தலைக்கு மேல் நிறுத்திவிட்டார்.

நிறுத்தியவர் நின்றார். கை விறைத்திருக்கிறது, கண் நேராக எங்கோ பார்க்கிறது. யாராவது சொல்ல வேண்டுமே!

“மாமா, எறக்...” என்று ஆரம்பித்த தம்பியின் வாயை அக்கா பொத்தினார். அந்தக் காலத்துப் போட்டிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

“நான் சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாது. நேரா மேல நடங்க.”

நடந்தார். மிச்சமிருந்த ஒரு மாடியையும் ஏறினார். வாசல் நிலை இடித்தது. அப்படியே குந்தி, வாத்து மாதிரி உள்ளே போனார்.

“குழாய் பக்கம். ம்ஹூம், ஜன்னல் பக்கமே நல்லா இருக்குமோ? தம்பி, நீ என்னடா சொல்றே?”

“குழாய்தான் நல்லதுக்கா. எதுக்கும் ரெண்டு இடத்துலயும் வெச்சுப் பார்த்துடலாம்.”

கடைசியில் குழாய் பக்கமே முடிவாயிற்று.

“சரி, எறக்குங்க.”

வெளியே மழை கொட்டியது. மனிதர் முதல் வேலையாக மெஷினின் கண்ணாடி மூடியில் குனிந்து பார்த்தார்.

“தோள் நல்லா ஏறியிருக்கு இல்ல? நான்தான் சொன்னேனே, இன்னைக்குத் தோள்பட்டைன்னு.”

மனைவி பனியன்களைக் கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தின் மேலேயே போட்டு மூடினார். அடுத்த வாரம் பீரோ வருகிறதாம்.

சிரிக்கிறீர்கள். கம்பியையே தொட்டதில்லை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். மேலே ‘தொப்பை’ என்ற வார்த்தையைப் படித்தபோது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டீர்களே, அது யார்? இன்னும் அப்படியேதான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

போதும். இறக்கலாம்.