மூன்று கட்டில்களும் ஓர் ஆமைப்பூட்டும்

ஒற்றுமை வளர்ப்பவர் என்று ஒருவகை மனிதர் உண்டு. மாடு வளர்ப்பவர், கோழி வளர்ப்பவர் மாதிரித்தான். அவர்களிடம் போனால் ஒரு போத்தல் பாலோ நாலு முட்டையோ கிடைக்கும். இவரிடம் போனால் கூட்டத்துக்கு அழைப்புக் கிடைக்கும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இவர் நன்றாகச் செழிப்பார். படம் எடுத்தால் மூன்று இனத்து முகங்கள் வேண்டும், குழு அமைத்தால் மூன்று பெயர்கள் வேண்டும், குத்துவிளக்கு ஏற்றினால் மூன்று கைகள் வேண்டும். அதில் ஒரு கை குறைந்துவிட்டால் சாப்பாட்டுச் சாலைக்கு ஆளனுப்பி, பாதிச் சோற்றில் இருக்கும் பிள்ளையை எழுப்பி, கையைக் கழுவவைத்துக் கூட்டிவருவார். மூன்று மொழிகளிலும் பேசுவார். மூன்றிலும் ஒரே வசனத்தைத்தான் பேசுவார். அவர் எந்த இனம் என்கிறீர்களா? கவலைப்படாதீர்கள், எல்லா இனத்திலும் இருக்கிறார்.

யுத்த நிறுத்தம் வந்த வருடம், அப்படிப்பட்ட ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தின் நல்லிணக்கக் குழுவுக்குத் தலைவரானார். பெண்கள் விடுதியில் ‘முன்மாதிரி அறை’ ஒன்றை உண்டாக்கினார். மூன்று கட்டில்கள். ஒன்று சிங்களப் பிள்ளைக்கு, ஒன்று தமிழ்ப் பிள்ளைக்கு, ஒன்று முஸ்லிம் பிள்ளைக்கு. சிங்களக் கட்டில் தினூஷாவுக்கு. தமிழ்க் கட்டில், எஹலியகொடப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன கலைச்செல்விக்கு. மூன்றாவது கட்டிலுக்கு அந்த வருடம் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

மற்ற இருவரையும் விட்டிருக்கலாமே? விடுவாரா! இரண்டு காலில் ஒற்றுமை நிற்காது என்று அறையைப் பூட்டிவிட்டார்.

கலைச்செல்வி இருட்டோடு எழும்பி, இரண்டு பஸ் மாறி, முதல் விரிவுரை முடியும்போது வாசலில் நிற்பாள். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அது ஏற்கனவே குறையத் தொடங்கியிருந்தது.

அவளுடைய அக்கா மூக்காயி, றப்பர் பால் வெட்டிவந்த கையோடு தங்கைக்கு ஒரு தலையணை தைத்துக்கொண்டிருந்தாள். உறையில் சிவப்பு நூலால் பெயர். ஓர் எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டதென்று இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். தங்கைக்கு “ரூம் ரெடியாகுது” என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

வெளிநாட்டு விருந்தினர்கள் முன்மாதிரி அறையைப் பார்க்க வரும் நாளும் வந்தது. பூட்டுத் திறந்தது. தோட்டத்து உறவினர் ஒருவரும் இருந்தால் படம் நன்றாக இருக்குமென்று தலைவர் மூக்காயியையும் வரச்சொன்னார். பால் வாளியைக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டனுப்பினார். மூக்காயி தலையணையைக் கொண்டுவந்தாள். மூன்றாவது கட்டிலுக்கு, பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே வீடுள்ள ஸாஹிராவை இரவல் வாங்கியிருந்தார்கள்.

படம் எடுத்தாயிற்று. விருந்தினர்கள் தேநீருக்கு நகர்ந்தார்கள். தலைவர் ஆமைப்பூட்டைக் கையில் எடுத்தார்.

“சரி பிள்ளைகள், எழும்புங்க. அறையப் பூட்டணும்.”

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்கய்யா பூட்டுறீங்க?”

“ஒரு ஆள் குறையுதும்மா.”

“மூணு பேரும் இங்கதானுங்களே ஒக்காந்திருக்காங்க?”

“ஸாஹிரா படத்துக்கு மட்டும் வந்தவ.”

“அப்ப ஒத்துமையும் படத்துக்கு மட்டுந்தானுங்களா?”

ஸாஹிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எனக்கு ஊட்டுல கட்டில் ஈக்கி, சேர். நான் வராததுக்கு இவங்க ரெண்டு பேரையுமா வெளிய போட்டீக்கி?” என்றாள்.

“அது கொள்கை, மகள்.”

கொள்கை என்ற சொல் வந்தபிறகு நியாயம் பேசுவது வீண் என்பது மூக்காயிக்குத் தெரியும்; தோட்ட ஒப்பீசில் பலமுறை கேட்ட சொல் அது. அவள் தலையணையைக் கட்டிலில் வைத்தாள். பெயர் மேலே தெரியும்படி திருப்பி, ஓரங்களை நீவிவிட்டாள்.

“படு பாப்பா.”

“அக்கா, வெக்கமா இருக்கு. வா போவோம்.”

“என்னா வெக்கம்? கோழி கூவ முந்தி எந்திரிச்சவ. செத்த நேரம் படு. ஒந்தலைக்கு ஒசரம் சரியான்னு பாக்கணுமா இல்லையா?”

“ஹரி, அக்கே!” என்று சிங்களத்தில் சரி சொல்லி, தினூஷாவும் அடுத்த கட்டிலில் சாய்ந்தாள்.

தலையணையின் உயரம் சரியாக இருந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்காகத் தொலைத்த பல மாதத் தூக்கம் பாக்கியிருந்த கலைச்செல்வி, தலைவர் “இதெல்லாம் சரிவராது” என்று மூன்றாவது மொழியில் சொல்லிமுடிப்பதற்குள் உண்மையாகவே தூங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்ட குடையை எடுக்க ஒரு வெள்ளைக்கார அம்மையார் திரும்பிவந்தார். வாய் திறந்து தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். காலையிலிருந்து அவர் பார்த்தவற்றில் ஒத்திகை இல்லாத காட்சி இது ஒன்றுதான். முகமெல்லாம் மலர, தலைவரின் கையிலிருந்த பூட்டைக் காட்டி, இது எதற்கு என்று மெதுவாகக் கேட்டார்.

தலைவர் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். “பிள்ளைகளுடைய பாதுகாப்புக்கு,” என்றார்.

அன்றிரவு கலைச்செல்வி பஸ் ஏறவில்லை. அந்தப் படிப்புத் தவணை முடியும்வரை முதல் விரிவுரை ஒன்றையும் தவறவிடவுமில்லை. இருவரோடு அறையைத் திறப்பது தன்னுடைய துணிச்சலான பரிசோதனை என்று தலைவர் அடுத்த கூட்டத்தில் அறிவித்தார். கைதட்டினார்கள். மூன்று இனத்தவரும்தான்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இந்தக் கதையில் ஒவ்வொருவராக வரவர, இவர் இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம் என்று மனதுக்குள் விரலை மடக்கிக்கொண்டுதானே வந்தீர்கள்? ஸாஹிரா வந்ததும் கணக்குச் சரியாகிவிட்டதென்று ஒரு நிம்மதி வந்ததல்லவா? தலைவர் எந்த இனம் என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறதா?

சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். ஓர் ஆமைப்பூட்டு தட்டுப்படலாம்.