கையை நனைத்துக்கொண்டு பிடிக்கவும்

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு 'காப்பாத்துங்க' என்று கத்தியவன் எவ்வளவு படித்திருந்தாலும், அதற்குப் பிறகு அவன் படிப்பு ஊரில் எடுபடாது. நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். (மிதித்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என்னைப் பெற்ற நைனாவின் கருத்து.)

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை, அதாவது என் பாவா, அரக்கோணத்தில் பைக் மெக்கானிக். ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவாவின் அம்மா முதல் முறையாகத் திருத்தணியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. கல்யாணப் பந்தியிலேயே நைனா அவரிடம் வாயை விட்டிருந்தார்.

"கொசஸ்தலை ஆத்து விராலு, சம்மந்தி! எங்க வூட்டுக் கொழம்ப ஒரு வாட்டி சாப்ட்டுப் பாருங்க. அப்பால கடல் மீனு உள்ளயே எறங்காது."

அந்த அம்மாளும் அதை மறக்கவில்லை. காலையிலேயே அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்க் காதைக் கடித்தாள்.

"டேய், அத்தைக்கு விராலுன்னா உசுரு. தல எனக்குன்னு இப்பவே சொல்லி வெச்சிட்டாங்க. மீன் இல்லாம வந்த, நான் அரக்கோணத்துல தலகாட்ட முடியாது."

"நான் பாத்துக்கறேன்கா" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாவா, அவருடைய பட்டறைக் கூட்டாளி ரஃபி அண்ணன், நான், மூவரும் ஒரே பைக்கில் கனகம்மாசத்திரம் பக்கம் போனோம். ஆற்றில் ஓரிடத்தில் கரை சரிந்து, பெரிய சீமைக் கருவேல மரம் ஒன்று வேரோடு தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளுக்கு அடியில்தான் விரால் பதுங்கும் என்று ரஃபி அண்ணன் சொன்னார். முள்ளுக்குள் மீன் இருக்கும், தூண்டிலும் மாட்டும். அதுதான் அங்கே விளையாட்டே.

பாவா ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே நான்கு குட்டித் தவளைகள்.

"பாவா, தவளைய உசுரோட முள்ளுல குத்தறது தப்பு" என்றேன்.

"அப்போ எத குத்தறது? தேங்கா பத்தையா?"

பையில் கொண்டுபோயிருந்த கோழிக்குடலை எடுத்து நீட்டினேன். அதோடு நின்றேனா? இல்லை. இருவரையும் கரையில் உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். மீனின் உடம்பில் ஒரு வழவழப்பு இருக்கிறது. அதுதான் அதற்குச் சட்டை. காய்ந்த கையால் பிடித்தால் உரிந்து, நோய் வந்துவிடும். ஆகவே கையை நனைத்துக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். சின்ன மீன் என்றால் திருப்பி விட்டுவிட வேண்டும். சாப்பிடுவதானால் துடிக்க விடாமல் ஒரே அடியில் முடிக்க வேண்டும். அறுந்த தூண்டில் நரம்பை ஆற்றில் விட்டு வரவே கூடாது. அதில் மற்ற மீன்கள் சிக்கிச் சாகும்.

ரஃபி அண்ணன் பாவாவிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நாம மீன் புடிக்க வந்தோமா, பொண்ணு கேக்க வந்தோமா?"

ஒரு மணி நேரம் கழித்துப் பாவாவின் தூண்டில் மரத்தை ஒட்டிச் சுண்டியது. அவர் எழுந்து நின்று இழுத்தார். மேலே வந்தது, என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளமுள்ள ஒரு விரால். கறுத்த முதுகு, கொழுத்த தலை. அத்தைக்கென்றே செய்துவைத்த தலை.

"புடி மச்சான்! கைய நனைச்சிக்கினு புடி!"

கையை நனைத்துக்கொண்டேதான் பிடித்தேன். முள்ளைப் பதமாக வாயிலிருந்து எடுத்தேன். பாவா பெருமையோடு பையை விரித்தார். அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. மரத்தடியில், தண்ணீர் மட்டத்தில், செக்கச்சிவந்த பந்து ஒன்று கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருந்தது. அத்தனையும் விரால் குஞ்சுகள்.

"பாவா, இது பசிக்குக் கடிக்கல. கோவத்துல கடிச்சிருக்குது. அங்க பாருங்க, குஞ்சுங்களுக்குக் காவல் நிக்கிற மீனு இது."

"எங்கம்மாவும் எல போட்டுக்கினு காவல் நிக்குது மச்சான். பையில போடு."

"இதக் கொன்னா குஞ்சு அத்தனையும் போயிடும் பாவா. நானூறு ஐந்நூறு உசுரு."

"ஒங்க அக்கா ஒரு உசுரு இருக்குதே, அத நெனச்சியா?"

நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்த முகம் அப்படியே வந்தது. ஆனால் அதற்குள் என் கை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. விரால் வாலை ஒரு வீசு வீசி, என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, குஞ்சுகளின் அடியில் போய் மறைந்தது.

பாவா விரித்த பையை மடித்தார். ரஃபி அண்ணன் வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய தூண்டில் மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. அவர் நரம்பை அறுக்கப் போனார்.

"அறுக்காதீங்கண்ணா! நான் எடுக்கறேன்!" என்று இறங்கிவிட்டேன். (எனக்கு நீச்சல் தெரியாது. இந்தத் தகவலை நான் வகுப்பில் சேர்க்கவில்லை.)

நரம்பை எடுத்துவிட்டேன். திரும்பும்போது கால் வழுக்கி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஏதோ என் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது. முதலையா என்றுகூடத் தோன்றியது. (கொசஸ்தலையில் முதலை இல்லை என்று தேர்வில் எழுதியவனும் நான்தான்.) "காப்பாத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அக்கரையில் மேய்ந்த எருமைகள் தலையைத் தூக்கின.

"தம்பி, மொதல்ல எழுந்து நில்லு" என்றார் ரஃபி அண்ணன்.

நின்றேன். தண்ணீர் இடுப்பு வரைதான். ஆனால் கருவேல முள் பேண்ட்டை விடவில்லை. இருவரும் இறங்கி வந்தார்கள். என்னைத் தொடும் முன் பாவா தன் இரண்டு கைகளையும் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

"பாய், கைய நனைச்சிக்கினு புடி. காஞ்ச கையில தொட்டா மச்சானுக்கு வழவழப்பு பூடும்."

"ஆங், நனைச்சிட்டேன். வாயில முள்ளு மாட்டியிருக்குதா பாரு."

"வாயில மட்டும் ஒண்ணும் மாட்டாது இவனுக்கு. இன்னா பாய், வெயிட்டு பத்துமா? சின்ன சைஸா தெரியுது. திருப்பி உட்டுடலாமா?"

இழுத்த இழுப்பில் நான் வந்தேன், பேண்ட் வரவில்லை. ஒரு முழ நரம்பு ஆற்றில் கிடக்கக் கூடாது என்று இறங்கியவன், ஒரு முழு பேண்ட்டையே ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினேன். அதை எடுக்க மறுபடி இறங்கப் போனவனை இருவரும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ரஃபி அண்ணன்தான் போய்க் கத்தியால் முள்ளை வெட்டி அதைக் கிழிசலாகக் கொண்டுவந்தார். "இந்தா, ஒன் சட்டத்த நானே மீறக் கூடாது பாரு."

பாவாவின் துண்டைக் கட்டிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மலைக்குப் போகும் கூட்டத்தின் ஊடே வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நைனா. பின்னால் அக்கா. உள்ளே வாழை இலை முன் அத்தை.

"மீன் எங்கடா?" என்றார் நைனா.

சொன்னேன். துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குஞ்சுப் பந்து வரைக்கும் சொன்னேன். அக்காவின் கண் நிறைந்துகொண்டு வந்தது.

"மூணு வருசம் காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார் நைனா.

அத்தை இலையைப் பார்த்தார். என் துண்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்தான், தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தும் நிறுத்தவில்லை.

"புள்ளைங்கள உட்டுட்டு அது எப்படி வரும் சம்மந்தி? நானா இருந்தா வருவேனா? நீ உட்டது நல்லது தம்பி. கருவாடு இருந்தா கத்திரிக்கா போட்டு வெய்யிம்மா" என்று அக்காவின் கன்னத்தைத் தட்டினார். "ஆனா ஒண்ணு தம்பி. அடுத்த வாட்டி கல்யாணம் ஆவாத மீனா பாத்துப் புடி."

அன்று அத்தை கருவாட்டுக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார். அக்கா அரக்கோணத்தில் இன்றுவரை தலைநிமிர்ந்துதான் நடக்கிறாள். தலைகுனிந்தது நான் மட்டும்.

எங்கே போனாலும் பாவா விடுவதில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தபோது, "சின்ன சைஸுதான் மாமா, வேணான்னா திருப்பி உட்டுடுங்க" என்றார். அவர்கள் என்னவென்று கேட்க, முழுக்கதையும் அரங்கேறியது. உள்ளறையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சம்மதம் அன்றைக்கே வந்துவிட்டது.

போன தையில் கல்யாணம். மேடையில் அந்தப் பெண்ணின் கையை என் கைமேல் வைத்து, அவள் அப்பா தாரை வார்த்தார். செம்பிலிருந்து தண்ணீர் இரண்டு கைகளையும் நனைத்து இறங்கியது. மேளம் ஓய்ந்த அந்த ஒரு நொடியில், முதல் வரிசையிலிருந்து பாவாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஆங்! இவங்கதான்யா மொறையா புடிக்கிறாங்க!"

அவள் சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.