எர்த் அண்ணனின் தக்காளி ஜோதி

தெருவிளக்குக் கம்பத்தில் சோக்குப் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகினால் போதும், என் கால் தானாக ரப்பர் செருப்பைத் தேடும். எர்த் அண்ணன் பழக்கிய கால்.

திருவண்ணாமலையில் மின்சாரத்துக்கு அவரைப்போல் பயந்தவரும் இல்லை. அதனோடு அவரைப்போல் குடித்தனம் நடத்தியவரும் இல்லை. மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருடையது. கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்க்குமுன் சீரியல் செட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்ப்பார். பெயர் அப்படி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கடை மாடியில் நான் குடியிருந்தேன்.

தான் வளர்த்த தக்காளியை ஒருமுறை தின்ன வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் நான்கு வருடமாக அதற்குச் சம்மதிக்கவில்லை. வலை போட்டார்; வலையையும் கொண்டுபோயின. ஐந்தாம் வருடம் செடிகளைக் கடையை ஒட்டி இருந்த ஜன்னலில்லாத அறைக்குள் வைத்து, மேலே நானூறு வாட் மெர்க்குரி விளக்கைத் தொங்கவிட்டார். தன் வீட்டுக்காரர் சூரியனைக் கட்டிப்போட்டுவிட்டதாக அண்ணனின் மனைவி மரகதம் அக்கா தெருவெல்லாம் சொன்னார்.

கட்டிய விதம்தான் அழகு. ஒயரில் பாரம் விழாமல் இரும்புச் சங்கிலி. சூடாகும் சோக்குக்குத் தண்ணீர் எட்டாத இடத்தில் செங்கல் மேடை. தனி ஃபியூஸ். கரியும் உப்பும் கொட்டிய எர்த் குழி. உச்சி இலையின் உயரத்தில் புறங்கையை நீட்டி நூறு எண்ணுவார். "நம்ம கையே தாங்கலைன்னா எல எப்படி தாங்கும்?" என்று விளக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி உயர்த்துவார். தண்ணீர் ஊற்றுவதென்றால் மெயினை அணைத்து, விளக்கு ஆறும்வரை காத்திருந்து, கையை மூன்று தடவை துடைப்பார்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுசன் இவ்ளோ தொடைச்சிக்கல," என்பார் அக்கா.

சூடு வெளியேற, தெருப்பக்கச் சுவரின் உச்சியில் ஓர் ஓட்டையும் போட்டார். எல்லாவற்றையும் யோசித்தவர், இது எந்த ஊர் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று மாலை. மலையில் இன்னும் ஏற்றவில்லை. தெரு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து காத்திருந்தது. செடிக்கு இன்னும் இரண்டு மணி நேர வெளிச்சம் பாக்கி என்று தன் விளக்கை மட்டும் எரியவிட்டு, அண்ணன் என் மாடிக்கு வந்திருந்தார். கீழே அந்த ஓட்டையிலிருந்து நீலம் பாய்ந்த வெள்ளொளி, இருட்டில் ஒரு தூணாகச் சாய்ந்து நின்றது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கூட்டம் ஒன்று அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உள்ளே சித்தர் இருக்கிறார் என்று பேச்சுப் பரவ அரை நிமிடம் ஆகவில்லை. தீபத்தன்று வாசலுக்கு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று மரகதம் அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

நாங்கள் இறங்கி ஓடியபோது அறையில் இருபது பேர். ஒரு பெண் ஸ்டூலில் ஏறி, ஜோதிக்கு அபிஷேகம் செய்யப் பித்தளைச் சொம்பைத் தூக்கியிருந்தார்.

அண்ணன் மெயினை இறக்கினார். இருட்டு.

"அம்மா, சொம்ப எறக்கு. சூட்டுல ஒரு சொட்டு பட்டா பல்பு வெடிச்சி கண்ணு போயிடும்."

அந்தக் கணம் வெளியே ஊரே அரோகரா என்றது. மலையுச்சியில் தீபம். உள்ளே ஒருவர் தழுதழுத்தார்: "இங்கேர்ந்து எடுத்து அங்க வெச்சிட்டாருடா."

அண்ணன் காலில் விழுந்தார்கள். விழுந்தவர்களைத் தாண்டி மற்றவர்கள் மலையைப் பார்க்க ஓடினார்கள். கூட்டம் போனபின் அண்ணன் டார்ச் அடித்தார். தொட்டிகள் உடைந்து, செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. ஒரே ஒரு பழம் தப்பியிருந்தது, பாதி சிவந்து.

சொம்புக்காரப் பெண் மட்டும் போகவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் சாமி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பழத்தைக் காம்போடு கிள்ளி, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சொம்பில் இருந்த தண்ணீரை வெளியே கொட்டி, அதற்குள் பழத்தைப் போட்டார். மரகதம் அக்கா சேலைத் தலைப்பால் அண்ணன் கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டார்.

அந்தப் பெண் சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார்.

"நான் சாமி இல்லம்மா," என்றார் அண்ணன். "கூட்டத்துல நசுங்காம எடுத்துனு போ. ரெண்டு நாள் வெச்சி சாப்டு, இன்னும் நல்லா பழுக்கல."