காலைத் தூக்கிய இடமெல்லாம் ராஜாவுக்கு

ஒரு காட்டில், அட்லாண்டிக் கடலோரமாக, கரடி ராஜா ஒருவர் இருந்தார். காடு பெரியதுதான். ஆனாலும் காலையில் எழுந்து சோம்பல் முறித்தால் கை எங்கேயாவது இடிக்கிறது என்று அவருக்கு ஒரு குறை.

கடலுக்கு அப்பால் ஒரு சேவல் மன்னர் இருந்தார். ஓயாமல் சண்டை போடுகிறவர். படைக்குத் தீனி தீர்ந்துபோனதும், "உங்கள் காட்டுக்கு மேற்கே இருப்பதெல்லாம் என்னுடையதுதான், வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு அனுப்பினார். சேவல் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. பார்க்காத இடத்தை விற்பதில் ஒரு சௌகரியம்: பிரியும்போது அழுகை வராது. கரடி ராஜா கப்பல் நிறையச் சோளம் அனுப்பிவிட்டு மேற்கை வாங்கிக்கொண்டார்.

வாங்கியதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. கேப்டன் ஓநாய் புறப்பட்டார். வரைபடம் போடவும் சட்டம் சொல்லவும் ஒரு கொக்கு கூடப் போனது. மூட்டை சுமக்க ஒரு கழுதை. மூட்டை நிறையப் பித்தளைப் பதக்கங்கள், ஒவ்வொன்றிலும் கரடி ராஜாவின் முகம். கேப்டனும் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

கிழக்குக் காட்டின் நிலச் சட்டம் மிகவும் சின்னது. எதன்மேல் ஒன்றுக்குப் போகிறாயோ, அது உன்னுடையது. கேப்டன் ராஜாவின் ஆள். ஆகவே அவர் காலைத் தூக்கிய இடமெல்லாம் ராஜாவுக்கு. அவர் தூக்குவார், கொக்கு தேக்கிலை அளவு வரைபடத் தோலில் ஒரு கோடு போடும், பிறகு நடப்பார்கள்.

முதலில் எதிர்ப்பட்டது காட்டெருமைக் கூட்டம்.

"வாழ்த்துகள்! உங்களைக் கண்டுபிடித்துவிட்டோம்," என்றார் கேப்டன்.

கிழட்டு எருமை ஒன்று மென்றுகொண்டே கேட்டது: "நாங்க எப்பப்பா தொலைஞ்சு போனோம்?"

"அது உங்களுக்கே தெரியவில்லை பாருங்கள். அதனால்தான் நாங்கள் வந்தோம்."

ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எருமை அதை நக்கிப் பார்த்தது. உப்பில்லை. நிமிர்ந்து பார்ப்பதற்குள், அது தினமும் முதுகு தேய்க்கும் பாறை ராஜாவுடையதாகிவிட்டது.

போகப் போகப் பூமி வறண்டது. ஓடை இல்லை, குட்டை இல்லை. ஒரு கல்லின் அருகே காலைத் தூக்கிய கேப்டன் தூக்கியபடியே நின்றார். முகம் சிவந்தது. ஒரு சொட்டு வரவில்லை.

"என்ன கேப்டன்," என்றது கழுதை, "ராஜ்யம் வர மாட்டேங்குதா?"

"வாயை மூடு!"

அடுத்த மேட்டில் மூவரும் சுருண்டு விழுந்தார்கள். விழுந்த இடம் ஒரு பைன் மரத்தடி. மரத்துக்குக் கீழே வளை. வளையில் கோமளம் என்ற முள்ளம்பன்றி, கைக்குழந்தையோடு குடியிருந்தாள்.

"அடப்பாவமே, யாரு பெத்த பிள்ளைங்களோ," என்று ஓடிவந்தாள். தன் நகத்தால் தோண்டிய ஊற்றிலிருந்து ஆமை ஓட்டில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கேப்டன் வயிறு முட்டக் குடித்தார். "தாயே, உயிரைக் காப்பாற்றினீர்கள்," என்று கண்ணீர் விட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே போய் அவள் மரத்தின்மேல் காலைத் தூக்கினார்.

"ஐயோ அண்ணே! அது என் வீடு!"

"தெரியும் தாயே. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது."

கொக்கு தொண்டையைச் செருமியது. "சட்டப்படி இது இப்போது மன்னர் நிலம். பொழுது சாய்வதற்குள் காலி செய்துவிடுங்கள். மேற்கே எவ்வளவோ இடம் சும்மா கிடக்கிறது. இந்தாருங்கள், பதக்கம்."

கோமளம் குழந்தையை இடுக்கிக்கொண்டு மேற்கே போனாள். வேறொரு மரம் பார்த்தாள். வளை தோண்டி, ஊற்றும் தோண்டி, நிமிர்ந்தால் எதிரே கேப்டன், நாக்கு மண்ணில் புரள நின்றார். கொடுத்தாள். குடித்தார். அழுதார். தூக்கினார்.

கழுதைக்கே வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, நீங்க தண்ணி கொடுக்காம இருந்தாலே போதுமே. இவரால ஒரு புல்லைக்கூடப் பிடிக்க முடியாது."

"வாசல்ல வந்து வாயை ஆன்னு வெச்சுக்கிட்டு நிக்கிறவங்களை எப்படிய்யா போன்னு சொல்றது? எங்க பக்கம் அந்தப் பழக்கமே கிடையாது."

"அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அக்கா, நாங்க தண்ணி மூட்டையே கட்டிட்டு வரல."

இப்படியே ஒவ்வொரு மரமாகத் தள்ளித் தள்ளி, கோமளம் பசிபிக் கடலோரம் வந்துவிட்டாள். பாறை உச்சியில் கடைசியாக ஒரு பைன் மரம். அதற்கு அப்பால் அலைதான். கடலில் வளை தோண்ட எந்த முள்ளம்பன்றியாலும் முடியாது. இந்த மரமும் போனால் பிள்ளையைப் படுக்கவைக்க இடமில்லை.

தூரத்தில் கேப்டன் தள்ளாடி வருவது தெரிந்தது. கோமளம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை மடியில் போட்டு, தண்ணீர் புகட்ட ஆரம்பித்தாள். போதும் என்று அது தலையைத் திருப்பியது. "இன்னும் ஒரு வாய்டா கண்ணு," என்று கெஞ்சிப் புகட்டினாள்.

கேப்டன் வந்து சேர்ந்தார். "தாயே... தண்ணீர்..."

"இதோ அண்ணே. மொண்டுக்கிட்டு வர்ற வரைக்கும் பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க."

வீட்டுக்கு வந்தவர், அதுவும் தண்ணீர் கேட்டு வந்தவர், பிள்ளையைப் பிடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? குத்தாத பக்கமாகப் பார்த்து வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டார். கோமளம் ஊற்றுக்குப் போனாள். அவசரமே இல்லாமல் போனாள்.

குழந்தை கேப்டனின் முகத்தைப் பார்த்தது. சிரித்தது. பிறகு ஒரு நிமிஷம் ஏதோ யோசிப்பதுபோல் அமைதியானது.

மார்பு, வயிறு, கால், வால் நுனி வரை கேப்டன் நனைந்து போனார்.

கொக்கு தோலை விரித்தது.

"என்ன செய்கிறாய்?" என்றார் கேப்டன்.

"எல்லை மாறியிருக்கிறது. நீங்கள் இப்போது குழந்தையின் சொத்து."

"பச்சைக் குழந்தைடா அது!"

"சட்டத்தில் வயது சொல்லவில்லை."

"இது செல்லாது!"

"செல்லாது என்றால், அட்லாண்டிக்கிலிருந்து இதுவரை நீங்கள் தூக்கிய எதுவுமே செல்லாது. ராஜாவிடம் நீங்களே போய்ச் சொல்கிறீர்களா?"

கொக்கு குனிந்து, அவர் கழுத்துப் பதக்கத்தை உற்றுப் பார்த்தது. கரடி ராஜாவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"மன்னரும் நனைந்திருக்கிறார்."

"அது வெறும் படம்!"

"அந்தப் படத்தை மாட்டிவிட்டுத்தானே வழிநெடுக எல்லாரையும் மன்னரின் குடிகள் என்றோம்? படம் செல்லும். மன்னர் குழந்தையுடையவர். மன்னருடையதெல்லாம் குழந்தையுடையது."

கழுதை தரையில் விழுந்து புரண்டு சிரித்தது. பதக்கங்கள் உருண்டு ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன.

கோமளம் தண்ணீரோடு வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பிள்ளை தொந்தரவு பண்ணினானா அண்ணே?"

"அம்மா," என்றது கொக்கு, முதல்முறையாகத் தலை வணங்கி, "இந்தக் கண்டம் முழுக்க இனி உங்கள் பிள்ளையுடையது."

"கண்டத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யாரு கூட்டிப் பெருக்குறது? எங்க பழைய மரத்துல எங்களை இருக்க விட்டாப் போதும். இந்தாங்கண்ணே, குடிங்க."

கேப்டன் இருந்த ஆத்திரத்தில் மடமடவென்று குடித்தார். இன்னொரு ஓடும் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் மரத்தை நோக்கி நகர்ந்தார்.

"நில்லுங்கள்," என்றது கொக்கு. "நீங்கள் இன்னொருவர் சொத்து. உரிமையாளர் அனுமதி இல்லாமல் காலைத் தூக்கக் கூடாது."

"சரி, கேள்!"

"தூங்குகிறார்."

"எழுப்பு!"

கோமளத்தின் முட்கள் அத்தனையும் விறைத்து நின்றன. "இப்பத்தான் கண்ணை மூடினான். எழுப்பித்தான் பாருங்களேன்."

கேப்டன் காலோடு காலைப் பின்னிக்கொண்டு, பசிபிக் பெருங்கடல் எவ்வளவு தண்ணீர் என்பதைப் பார்க்காமலிருக்க, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

நீதி: தாகத்தோடு வாசலில் வந்து நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம். ஆனால் முதலில் குழந்தைக்குக் கொடுக்கவும்.