தகவலுக்குத் தொடர்பு கொள்ளவும்

விமானங்கள் காணாமல் போவதற்கு உலகத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதற்கு ஒரே இடம்தான்: திண்டுக்கல், நாகல் நகர், சேக் பரீது பாய் டீக்கடை, வெளிப்பக்கத்து பெஞ்சு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை எனக்கு ஆகாது. 'நாகல் நகர் விமான மர்ம ஆய்வு மைய'த்தின் செயலாளர் பதவியில் இருப்பவன் அடக்கமாகத்தான் பேச வேண்டும்.

வளைகுடாவிலிருந்து திருச்சிக்குக் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று திங்கட்கிழமை சாயங்காலம் கடலுக்கு மேலே காணாமல் போனது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மையம் தொடங்கப்பட்டுவிட்டது. தேடுகிற கப்பல்களெல்லாம் அதற்குப் பிறகுதான் நங்கூரத்தையே எடுத்தன என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

உறுப்பினர்கள் நான்கு பேர். சேக் பரீது பாய் மக்காவுக்கு உம்ரா யாத்திரையாக விமானத்தில் போய் வந்தவர், அதுவும் ஜன்னலோர சீட்டு. ஆகவே 'வானூர்தி வல்லுநர்'. இருதயநாதன் அண்ணன் முப்பது வருஷம் எரியோடு ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆகவே 'போக்குவரத்து வல்லுநர்'. உடையப்பன் அண்ணன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பவர். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும். ஆகவே 'ஆழ்நிலை ஆய்வாளர்'. நான் ஈஸ்வரன், ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை திண்டுக்கல்லின் இன்பதுன்பம் எல்லாம் என் மிஷின் வழியாகத்தான் வெளியே வரும். ஆகவே 'மக்கள் தொடர்பு'.

எங்களுக்கு இந்த விமானத்தின் மேல் உரிமை வந்தது அக்மலால். அடுத்த தெரு ஜெய்தூன் பீவி அக்காவின் ஒரே மகன். வளைகுடாவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. அந்த விமானத்தில்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். நம் பையன் ஏறிய விமானம் நம் விமானம் அல்லவா?

எட்டு மணிக்கு ஆறுதல் சொல்லப் போனோம். அக்கா சார்ஜர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பட்டன் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

"அக்கா, அக்மலு கடேசியா என்ன பேசுனான்?" என்று விசாரணையைத் தொடங்கினார் இருதயநாதன்.

"வாரேம்மா, நெய்ச்சோறு ஆக்கி வையின்னான்."

"நெய்ச்சோறு. எழுதிக்க ஈஸ்வரா. ரகசிய வார்த்தையா இருக்கும்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஏம்ப்பா, பிளேன் கம்பெனிக்காரங்க கூப்பிடுவாங்களாம். லைனைக் காலியா வச்சிருங்கன்னு டிவியில சொன்னாய்ங்க. எனக்கு அந்த ஒரு போன் வந்தாப் போதும். புண்ணியமாப் போகும், செத்த நேரம் தனியா விடுங்க."

தாயின் கண்ணீரைக் கண்ட பிறகு மையம் சும்மா இருக்குமா? பத்து மணிக்கெல்லாம் டீக்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. நடுவில் அக்மல், பின்னால் விமானம், இரண்டு பக்கமும் புறா. 'எங்கே போனாய் அக்மல்?' கீழே எங்கள் நால்வர் படமும், அக்மலைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதற்கும் கீழே சிவப்பில், 'தகவல் உள்ளோரும் கருத்து உள்ளோரும் தொடர்பு கொள்ளவும்' என்று போட்டு, ஜெய்தூன் அக்காவின் நம்பர். என் நம்பரைப் போடலாம் என்றுதான் பாய் சொன்னார். வேலை நேரத்தில் தொந்தரவாக இருக்கும் என்று மறுத்துவிட்டேன். வலது மூலையில் மட்டும் பொடி எழுத்தில் 'அச்சு: ஈஸ்வரன் ஃப்ளெக்ஸ்' என்றிருக்கும். பெருமை எனக்கு ஆகாது என்று முன்பே சொன்னேன்.

தகவல் உள்ளவர் மாவட்டத்தில் ஒருவரும் இல்லை. கருத்து இல்லாதவரும் ஒருவர் இல்லை. அக்காவின் போன் சூடு ஆறவே இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர், "ஏனுங்க, வேத்துக் கிரகத்துக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா நல்லவங்கதானுங்க, பையனுக்குச் சோறு போடுவாங்க" என்று தைரியம் சொன்னார். நத்தத்திலிருந்து ஓர் அம்மாள் தான் கண்ட கனவை முக்கால் மணி நேரம் விவரித்தார். இன்னொருவர் ஃப்ளெக்ஸ் பளிச்சென்று இருக்கிறது, யார் அடித்தது என்று கேட்டார்.

புதன்கிழமை அக்கா என் கடைக்கே வந்து கெஞ்சினார். "அதை அவுத்துரு ஈஸ்வரா. போனை எடுக்காம இருக்கவும் முடியல. ஒவ்வொரு தடவ மணி அடிக்கையிலயும் அவன்தானோன்னு உசுரு போய் உசுரு வருது."

"மக்கள் ஆதரவுக்கா இது. வேணாம்னு சொல்லக் கூடாது" என்று அவருக்கு விளக்கினேன்.

இதற்கிடையில் ஆராய்ச்சி தீவிரமாக நடந்தது.

"பைலட்டு தூங்கிருப்பான்" என்றார் பாய். "நான் போனப்பவே பாத்தேன். கதவை உள்ளுக்குள்ள தாப்பாப் போட்டுக்கிறாய்ங்க. ஒழுங்கா வேலை பாக்குறவன் எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"அதெல்லாம் இல்ல பாய்" என்றார் இருதயநாதன் அண்ணன். " ரூட்டை மாத்திருப்பான். கூட்டம் இல்லாத நாள்ல நாங்களே குறுக்கால திருப்பிருக்கோம்."

"வானத்துல ஏதுண்ணே குறுக்கு?" என்றேன்.

"வானத்துல பூராமே குறுக்குதான் தம்பி."

இதைத் தீர்மானமாகவே பதிவு செய்தேன். அடுத்து உடையப்பன் அண்ணன் உலகப் படத்தை பெஞ்சில் விரித்து, தேங்காயோடு கையை மெல்ல நகர்த்தினார். ஆப்பிரிக்காவில் தேங்காய் அசையவில்லை. அரபிக்கடலுக்கு வந்ததும் சட்டென்று எழுந்து நின்றது. நாங்களும் எழுந்து நின்றோம்.

"என்னண்ணே சொல்லுது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இந்த எடத்துல தண்ணி இருக்கு."

வியாழக்கிழமை காலை மையம் தாடிக்கொம்பில் கிளை திறந்தது. அக்மலோடு அதே ஓட்டலில் வேலை பார்த்த நாச்சிமுத்துவும் அந்த விமானத்தில் வந்ததாகத் தெரிந்ததால் அங்கேயும் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினோம். அதே புறா. அதே நாலு பேர். தொடர்புக்கு அவர் மனைவி புவனேஸ்வரியின் நம்பர்.

திரும்பி வந்து, பயணிகள் எல்லோரும் பெயர் தெரியாத ஒரு தீவில் இருக்கிறார்கள் என்ற இறுதி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற நேரம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்மல் இறங்கினான்.

நாங்கள் அவனையும் பார்த்தோம், ஃப்ளெக்ஸையும் பார்த்தோம். அவனேதான்.

"தீவுல இருந்து எப்புடிப்பா தப்பிச்ச?" என்றார் பாய்.

"எந்தத் தீவு? நான் அந்தப் பிளேன்ல ஏறவே இல்ல பாய். டாக்சில போனை விட்டுட்டேன். அதைத் தேடி ஓடுனதுல கேட்டைச் சாத்திட்டாய்ங்க."

இருதயநாதன் அண்ணன் என் காதில், "இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பிருக்காய்ங்க" என்றார். மூன்று நாள் உழைப்பு வீணாகும்போது யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

அதற்குள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார் ஜெய்தூன் அக்கா. மகன் முதுகில் நாலு போடு போட்டார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்க அழுதார்.

"ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலையாடா?"

"பிளேன் காணாமப் போனதே எனக்கு மறுநா மத்தியானம்தான் தெரிஞ்சுச்சு, அப்பப் புடிச்சு மூணு நாளாப் பண்றேம்மா! எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது உன் நம்பரு ஒன்னுதான். ஏர்போர்ட்டுல, ரூம்ல, கண்டவன் போனையெல்லாம் கெஞ்சி வாங்கி அடிச்சேன். எப்பப் பாத்தாலும் பிஸி. கம்பெனிக்காரங்களும் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனாங்க. நீ யாருகூடம்மா அப்படிப் பேசிட்டிருந்த?"

அக்கா திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். சிவப்பு எழுத்து அங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது. அந்த விஷயத்தில் என் மிஷின் தரமானது.

"நாச்சிமுத்துவும் ஒங்கூடத்தான நின்னுட்டான்?" என்றேன். கிளையை மூட வேண்டுமே என்ற கவலை எனக்கு.

அக்மல் தலையைக் குனிந்துகொண்டான். "நீ போய் போனைத் தேடுடா, நான் உள்ள போயி நிக்கிறேன்னாரு. அவரு ஏறிட்டாருண்ணே."

உடையப்பன் அண்ணன் தேங்காயைப் பைக்குள் வைத்தார்.

"அந்தப் பொண்ணு நம்பரையும் எழுதித் தொங்க விட்டுருக்கியா?" என்று அக்கா என்னைக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "நல்லதோ கெட்டதோ, அவளுக்கும் ஒரு போன் வரணும்ல?"

பாயின் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த வெங்காயக் கத்தியை எடுத்துக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறினார். "தாடிக்கொம்புக்கு விடுப்பா. ஏலே ஈஸ்வரா, நீயும் ஏறு. கட்டுன கைதான் அறுக்கணும்."

வழியில் புவனேஸ்வரியின் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அவர் வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே மரியாதை.

விமானத்தை மறைத்தது யார் என்பதற்கு மையத்திடம் இன்றுவரை ஆதாரம் இல்லை. வர வேண்டிய போன்களை மறைத்தது யார் என்பதற்கு மட்டும் பக்காவான ஆதாரம் இருக்கிறது. வலது மூலையில், பொடி எழுத்தில், நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.